காரணமறியா மகப்பேறின்மையும் சூலின் தரமும்

மணமாகி ஆண்டுகள் சில கழிந்தும் மகப்பேறு வாய்க்காத தம்பதியர் வைத்தியசாலையை நாடும்போது அவர்களுக்குச் செய்யப்படும் அடிப்படைப் பரிசோதனைகள் நான்கு வகையின. கணவனின் விந்துப் பரிசோதனை ஒன்று. மனைவியின் சூலகத்திலிருந்து மாதந்தோறும் சூல் வெளியேறுகின்றதா என ஓமோன்களைக் கொண்டு அறிதல் மற்றொன்று. பலோப்பியன் குழாய்கள் அடைபடாதிருக்கின்றனவா எனச் சாயமேற்றிய எக்ஸ் கதிர்ப் படத்தால் நோக்குதல் மூன்றாவது. கருப்பையின் உட்குழியை ஸ்கான் செய்து பார்த்தல் நான்காவது. இந்நான்கிலும் குறையேதும் இல்லையென முடிவு கிடைக்கும்போது அத்தம்பதியருக்கு வழங்கப்படும் பெயரே 'காரணமறியா மகப்பேறின்மை' என்பதாகும். ஓராண்டு காலம் முயன்றும் கருத்தரிக்காத தம்பதியருள் நூற்றுக்கு 15 முதல் 30 வரையானோர் இப்பிரிவினுள் அடங்குவர் என மருத்துவ நூல்கள் கணிக்கின்றன.

இஃது ஒரு நோயின் பெயரன்று. நமது பரிசோதனைகள் எட்டிய எல்லையின் பெயர். இவ்வேறுபாடு சொற்சிலம்பம் போலத் தோன்றலாம். ஆயின், 'உங்களிடம் குறையொன்றும் இல்லை' என்று கூறி அனுப்பப்படும் பெண், வீடு திரும்பியதும் மாமியார், நாத்தனார், அயலார் ஆகியோரின் வினாக்களுக்கு விடையின்றி நிற்கிறாள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, பெயரிடுதலும் ஒரு சமூகச் செயலே என்பது புலனாகும். குறையில்லையெனில் குழந்தை எங்கே? விஞ்ஞானம் மௌனம் சாதிக்கும் இடத்தில் சாத்திரமும் நேர்த்திக்கடனும் வசையும் புகுந்து கொள்கின்றன.

மேற்கூறிய நான்கு பரிசோதனைகளையும் சற்று உற்றுநோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். அவை சூலைச் சுற்றியுள்ள யாவற்றையும் ஆராய்கின்றன, சூலை ஆராய்வதில்லை. சூல் வெளியேறியதா என்பதை அறிகின்றன; வெளியேறிய சூல் எத்தகையது என்பதை அறிவதில்லை. அது செல்ல வேண்டிய பாதை, தங்க வேண்டிய இடம், சந்திக்க வேண்டிய துணை ஆகிய எல்லாம் பார்க்கப்பட்டுவிட்டன. பயணியை மட்டும் எவரும் பார்த்திலர். காரணமறியா மகப்பேறின்மை எனப்படுவதன் ஒரு பகுதிக்கேனும் விடை இங்கேதான் உள்ளது என்பதும், அவ்விடை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

பாலூட்டிகளின் சூலை முதன்முதலிற் கண்டவர் கார்ள் ஏர்ண்ஸ்ற் வொன் பேயர், ஆண்டு 1827. அவர் கண்டது நாயின் சூலை. மனிதச் சூல் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு விட்டமுடையது. கூரிய கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தென்படக் கூடியது. உடலின் பெருங்கலங்களுள் ஒன்றாகிய இதன் வாழ்க்கை வரலாறு ஏனைய கலங்களின் வரலாற்றைப் போன்றதன்று. தாயின் வயிற்றிலிருக்கும் பெண் சிசு ஐந்தாம் மாதத்தை அடையும்போதே அதன் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் வரையிலான சூற்கலங்கள் தோன்றிவிடுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பிறப்புக்கு முன்னரே அழிந்துபோகப் பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமும், பூப்பெய்தும் காலத்தில் மூன்று அல்லது நான்கு இலட்சமுமே எஞ்சுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் வெளியேறும் சூல்கள் 400 அல்லது 500க்கு மேற்படா. ஆணின் விந்துக்கலங்கள் ஏறத்தாழ இரண்டரை மாதங்களுக்கொரு முறை புதிதாக ஆக்கப்படுகின்றன. பெண்ணின் சூலோ அவளுடைய வயதே ஆனது. அவள் பிறப்பதற்குச் சில மாதங்கள் முந்தியது. நம் ஒவ்வொருவரையும் ஈன்ற சூலானது, நம் பாட்டியின் வயிற்றில் நம் தாய் சிசுவாயிருந்த காலத்தில் உருவானதே.

இந்நீண்ட காத்திருப்பிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. உடற்கலமொன்றில் 46 நிறமூர்த்தங்கள் உள. சூலிலும் விந்துக்கலத்திலும் அவை 23 ஆகக் குறைதல் வேண்டும். இக்குறைப்பை நிகழ்த்துவது ஒடுக்கற்பிரிவு. பெண்ணில் ஒடுக்கற்பிரிவு சிசுப் பருவத்தில் தொடங்கி, நிறமூர்த்தங்கள் சோடி சோடியாகச் சேர்ந்த நிலையில் இடைநிறுத்தப்படுகின்றது. பதினைந்து, இருபது, நாற்பது ஆண்டுகள் அந்நிலையிலேயே அது கிடக்கின்றது. குறித்த மாதத்தில் மூளையடிச் சுரப்பியின் ஓமோன் பெருகும்போதே சூல் விழித்தெழுந்து பிரிவைத் தொடர்கின்றது. இத்தனை காலமும் சோடிகளைப் பிரியாமற் பற்றி வைத்திருப்பவை வளையம் போன்ற ஒருவகைப் பிணைப்புப் புரதங்கள். எலிகளில் நடத்தப்பெற்ற ஆய்வுகள், சிசுப் பருவத்தில் இடப்பட்ட இப்புரதங்கள் பின்னர் புதுப்பிக்கப்படுவதில்லை எனக் காட்டியுள்ளன. மணப்பந்தலுக்கு முற்கூட்டியே கட்டிய கயிறு, மணநாள் தள்ளிப்போகப் போக வெயிலிலும் மழையிலும் நைந்து, பந்தலை ஏற்ற வேண்டிய நாளில் அறுவதைப் போன்றது இது. கயிறு அறுந்தால் நிறமூர்த்தங்கள் நேரத்துக்கு முன் கழன்று, போக வேண்டிய பக்கம் போகாது, சூலில் ஒன்று கூடியோ குறைந்தோ விடுகின்றன.

ஆயினும் முதுமை ஒன்றே காரணமென எண்ணுதல் தவறு. நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நார்களின் கட்டமைப்பைக் கதிர் என்பர். ஏனைய உடற்கலங்களிற் கதிரை நெறிப்படுத்த மையவுடல்கள் உள. மனிதச் சூலில் அவை இல்லை. கேம்பிறிஜ் ஆய்வுகூடமொன்றில் மெலினா ஷூ தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, மனிதச் சூலில் இக்கதிர் அமைய ஏறத்தாழ 16 மணித்தியாலங்கள் எடுக்கின்றன என்றும், அமைந்த பின்னரும் பல சூல்களில் அது நிலையின்றித் தள்ளாடுகின்றது என்றும் காட்டிற்று. எலிச் சூலில் இவ்வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். எலி, பன்றி, மாடு ஆகியவற்றின் சூல்களில் கதிரை உறுதிப்படுத்தும் ஓர் இயக்கப் புரதம் மனிதச் சூலில் மிகக் குறைவாயுள்ளதென்பது 2022இல் அதே ஆய்வாளர் வழிவந்த குழுவினரால் அறியப்பட்டது. சுருங்கக்கூறின், மனிதச் சூல் இளமையிலேயே தவறிழைக்கும் இயல்பினது. வயது அதனை மிகுவிக்கின்றது. பதின்ம வயதினரின் சூல்களிலும் நிறமூர்த்தப் பிழை இருபதுகளின் நடுப்பகுதியினரிலும் பார்க்க அதிகமாயிருத்தல் இதற்குச் சான்று.

நிறமூர்த்தம் மட்டுமே சூலன்று. அதன் குழியவுருவில் சக்தியை வழங்கும் இழைமணிகள் உள. அவற்றின் டீ.என்.ஏ. பிரதிகள் ஒரு சூலில் இலட்சத்துக்கு மேற்பட்டவை. விந்துக்கலம் நுழைந்ததும் எழுந்து பரவும் கல்சியம் அலைக்கு விடையிறுக்கும் ஒழுங்கமைப்பும், முளையத்தின் முதல் மூன்று நாள் வாழ்வுக்கு வேண்டிய புரதங்களும் அவற்றுக்கான கட்டளைகளும் குழியவுருவிலேயே சேமிக்கப்பட்டுள்ளன. இம்மூன்று நாட் சேமிப்பு நமது பொருளுக்கு மிக முக்கியமானது. பின்னர் இதற்கு மீள்வோம்.

சூலின் தரம் என்ற கருத்து நுணுக்குக்காட்டியிற் பிறந்ததன்று, குடிக்கணக்கிற் பிறந்தது. இங்கிலாந்தின் கொல்செஸ்ரரில் பணியாற்றிய லயனல் பென்றோஸ், இன்று டவுண் கூட்டறிகுறி எனப்படும் நிலையுடன் பிறந்த குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்து, அந்நிலையோடு தொடர்புடையது தாயின் வயதேயன்றித் தந்தையின் வயதோ பிறப்பு வரிசையோ அன்று என 1933இல் நிறுவினார். நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாயிருத்தலே அதற்கு அடிப்படை என்பது 1959இல் பரிசிலேதான் வெளிவந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னரே புள்ளிவிபரம் சூலைச் சுட்டிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வட அமெரிக்காவில் ஹற்றரைற் எனும் சமயக் குழுவினர் கருத்தடையை மறுத்து வாழ்பவர். அவர்களது பிறப்புப் பதிவுகளை 1957இல் ஆராய்ந்த கிறிஸ்ரோபர் ரீற்சே, 34 வயதுக்குப் பின் நூற்றுக்கு 11 பேரும், 40 வயதுக்குப் பின் 33 பேரும், 45 வயதுக்குப் பின் 87 பேரும் மகப்பேறு அடையவில்லை எனக் கண்டார். ஆயின் இதில் ஓர் ஐயம் எழும். மனைவியுடன் கணவனுக்கும் வயதாகின்றது. தாம்பத்திய உறவும் குறைகின்றது. குறைவுக்குக் காரணம் சூல்தான் என எவ்வாறு கூறுவது?

இவ்வையத்தைத் தீர்க்க முயன்றது பிரான்சிலிருந்து 1982இல் வெளிவந்த ஆய்வு. கணவனின் விந்தில் விந்துக்கலமே இல்லாத காரணத்தால், பிறர் வழங்கிய விந்தைச் செயற்கையாகச் செலுத்திக்கொண்ட 2193 பெண்களை அது பின்தொடர்ந்தது. இங்கு ஆணின் வயதும் உறவின் தொகையும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. பன்னிரண்டு வட்டங்களின் முடிவில் கருத்தரித்தோர், 25 வயது வரையானோரில் நூற்றுக்கு 73. 26 முதல் 30 வரையானோரில் 74. 31 முதல் 35 வரையானோரில் 61.5, அதற்கு மேற்பட்டோரில் 53.6.

இவ்வாய்வு வெளிவந்த அதே மருத்துவச் சஞ்சிகை அதனோடு ஓர் ஆசிரியவுரையையும் வெளியிட்டது. பெண்கள் இருபதுகளைப் பிள்ளைப்பேற்றுக்கும் முப்பதுகளைத் தொழிலுக்கும் ஒதுக்குவது பற்றிச் சிந்திக்கலாமென அது யோசனை கூறிற்று. ஆய்வின் முடிவு உயிரியல், யோசனையோ அரசியல். பெண்கள் பல்கலைக்கழகங்களிலும் தொழிற்றுறைகளிலும் கால் பதித்துக்கொண்டிருந்த அக்காலத்தில் ஓர் எண் எவ்வளவு விரைவிற் கட்டளையாகிவிடுகின்றது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. குடித்தொகை ஆய்வாளர் ஜோன் பொங்கார்ட்ஸ் அதே ஆண்டிலேயே இதனைப் 'பொய்யான அபாய அறிவிப்பு' என மறுத்தெழுதினார். செயற்கை முறையில் விந்து செலுத்துதல் இயற்கை முறையிலும் பார்க்க வலுக்குறைந்தது. எனவே பன்னிரண்டு வட்டங்களிற் கருத்தரியாதோரையெல்லாம் மலடெனக் கொள்ளுதல் மிகைக் கணிப்பு என்பது அவர் வாதம். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. சரிவு உண்மை, ஆனால் முப்பதில் அது படிக்கட்டு, பாதாளமன்று. இளம் பெண் விரிவுரையாளர் ஒருவருக்கு முப்பத்திரண்டாம் பிறந்தநாளன்று பாதாளத்தைக் காட்டி அச்சுறுத்துவோர் இன்றும் குறைந்தாரில்லை.

சூலா, கருப்பையா என்ற வினா மட்டும் எஞ்சியிருந்தது. 1984 அளவில், பிறிதொரு பெண் வழங்கிய சூலைக்கொண்டு குழந்தை பெறுதல் கைகூடிற்று. 1990இல் லொஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள், நாற்பது வயதைக் கடந்த பெண்களின் கருப்பையில் இளம் பெண்களின் சூலிலிருந்து உருவான முளையங்களை வைத்தபோது, அவர்கள் இளம் பெண்களைப் போன்றே கருத்தரித்தமையைக் கண்டு வெளியிட்டனர். வயது பெரும்பாலும் தங்கியிருப்பது கருப்பையில் அன்று, சூலிலேயே என்பது அதனால் உறுதியாயிற்று.

இனி, காரணமறியா மகப்பேறின்மைக்கு வருவோம். கண்ணாடிப் பாத்திரத்தில் மனிதச் சூலைக் கருக்கட்டச் செய்த முதல் வெற்றி, பொஸ்ரன் நகரையடுத்து ஜோன் றொக்கின் ஆய்வுகூடத்தில் மிரியம் மென்கின் 1944இல் ஆறாண்டு உழைப்பின் பின் பெற்றது. அதனைக் குழந்தைப்பேறு வரை கொண்டுசென்றவர் றொபேட் எட்வேட்ஸ், பற்றிக் ஸ்ரெப்ரோ, ஜீன் பேடி ஆகிய மூவர். லூயிஸ் பிறவுண் 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிற் பிறந்தாள். (மூவருள் முளையங்களை நாள்தோறும் கண்காணித்த பேடியின் பெயர் வைத்தியசாலைச் சுவரிலிருந்த நினைவுக்கல்லில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. மென்கினின் பெயரும் பலருக்குத் தெரியாது. சூலைக் கண்காணித்த பெண்களின் கதை தனியே எழுதத் தக்கது.)

அச்சிகிச்சை தோன்றியது அடைபட்ட குழாய்களைக் கடப்பதற்காக. லூயிசின் தாயின் குறையும் அதுவே. ஆயின் எதிர்பாராத வகையில் அது ஒரு பரிசோதனைக் கருவியுமாயிற்று. அதுவரை உடலின் இருளில் நிகழ்ந்த யாவும் வெளிச்சத்துக்கு வந்தன. 'குறையேதுமில்லை' எனப்பட்ட தம்பதியருள் சிலரின் சூல்கள் முதிராமலே நின்றன. சிலரில் விந்துக்கலம் நுழைந்தும் சூல் விழிக்கவில்லை. சிலரில் முளையம் இரண்டு அல்லது நான்கு கலங்களோடு நின்றுவிட்டது. மேலே குறிப்பிட்ட மூன்று நாட் சேமிப்பு இங்கேதான் துப்புத் துலக்குகின்றது. மனித முளையம் தன் சொந்தப் பரம்பரையலகுகளைப் பயன்படுத்தத் தொடங்குவது நான்கு கல நிலைக்கும் எட்டுக் கல நிலைக்கும் இடையில் என 1988இல் பீற்றர் பிறவுட் முதலியோர் காட்டினர். அதற்கு முன்பு முளையம் சூலின் சேமிப்பிலேயே வாழ்கின்றது. ஆகவே முதல் மூன்று நாட்களுக்குள் தேங்கும் முளையத்தின் பழுதைப் பெரும்பாலும் சூலிலே தேடுதல் வேண்டும். அதன் பின்னர் தேங்குவதாயின் விந்துக்கலத்தின் பங்கையும் கருதுதல் வேண்டும்.

இவ்வழியிற் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் 2016இல் ஷங்காய் நகரின் பூடான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பல ஆண்டுகள் மகப்பேறின்றி, மீண்டும் மீண்டும் சிகிச்சை பெற்ற பெண்களின் சூல்கள் யாவும் ஒரே கட்டத்தில், அதாவது ஒடுக்கற்பிரிவின் முதலாம் கட்டத்தில், நின்றுபோயிருந்தமையை அக்குழுவினர் அவதானித்தனர். அப்பெண்களின் மாதவிடாய் ஒழுங்கானது, ஓமோன்கள் சரியானவை, குழாய்கள் திறந்தவை, கணவரின் விந்தும் குறைவற்றது. வழமையான பரிசோதனை நான்கினாலும் அவர்கள் 'காரணமறியா' வகையினரே. 24 குடும்பங்களை ஆராய்ந்து, அவற்றுள் ஏழு குடும்பங்களில் 'ரி.யு.பி.பி. 8' என்ற பரம்பரையலகின் விகாரங்களை அவர்கள் கண்டனர். கதிரின் நார்களை ஆக்கும் புரதத்தின் ஒரு வகையை இப்பரம்பரையலகு உண்டாக்குகின்றது. அவ்வகை சூலிலும் ஆரம்ப முளையத்திலுமே பயன்படுகின்றது. உடலின் ஏனைய கலங்களுக்கு அதனால் ஒரு தீங்குமில்லை. ஆகவே அப்பெண்கள் முழு நலத்துடன் வாழ்ந்தனர். சூல் மட்டுமே கதிரைக் கட்ட முடியாது நின்றது. 2014இல், சூலைச் சூழும் தெளிந்த உறை உருவாகாமைக்குக் காரணமான விகாரமொன்றும், 2018இல், விந்துக்கலம் நுழைந்தபின் சூல் விழித்தெழாமைக்குக் காரணமான விகாரமொன்றும் அறியப்பட்டன. பட்டியல் ஆண்டுதோறும் நீள்கின்றது. அறியாக் காரணம் அறியப்படும் காரணமாக மாறுவது இவ்வாறே.

ஆயினும் இதனைக் கொண்டு காரணமறியா மகப்பேறின்மை எல்லாமே சூற்குறை எனக் கூறுவார் உளராயின் அவர் கூற்றை மறுத்தல் நம் கடன். மேற்கூறிய விகாரங்கள் அரியவை. விந்துக்கலத்தின் டீ.என்.ஏ. சிதைவு சாதாரண விந்துப் பரிசோதனையிற் புலப்படாது. கருப்பையின் அகவணி வெளியே வளரும் நோயின் மெல்லிய வடிவங்களும் ஸ்கானுக்குத் தப்பிவிடும். இவற்றினும் மேலாக, இப்பெயர் சூட்டப்பட்ட தம்பதியருட் பலர், அதிலும் மனைவி இளையவளாயும் முயற்சிக்காலம் குறுகியதாயும் உள்ளோர், சிகிச்சை எதுவுமின்றியே கருத்தரிக்கின்றனர். அவர்களிடம் குறையென்று ஒன்று இருந்ததில்லை. வாய்ப்பு வாய்க்கவில்லை, அவ்வளவே. மாதமொன்றிற் கருத்தரிக்கும் நிகழ்தகவு நலமிக்க இளந் தம்பதியரிலேயே நான்கில் ஒன்று அளவினது என்பதை மறத்தலாகாது.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்குதல் அவசியம். சூலின் தொகை வேறு, தரம் வேறு. முல்லேரிய எதிர் ஓமோன் எனப்படும் ஒன்றைக் குருதியில் அளந்து 'உங்கள் சூல் குறைந்துவிட்டது' என்று சொல்லும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. அவ்வோமோன் சூலகத்திலுள்ள சிறு புடைப்புகளின் தொகையைக் காட்டுகின்றது. அது கிட்டங்கியின் இருப்புக் கணக்கு. இருக்கும் அரிசி நல்லதா புழுத்ததா என்பதை அது சொல்லாது. 30 முதல் 44 வயதுக்குட்பட்ட, மகப்பேறின்மை வரலாறு இல்லாத 750 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இவ்வோமோன் குறைந்திருந்தோர் இயல்பாயிருந்தோரைப் போலவே கருத்தரித்தனர் எனக் கண்டது. சிகிச்சையின்போது எத்தனை சூல்களை எடுக்கலாம் என்று மதிப்பிட அவ்வளவு பயன்படும். மாதம் ஒழுங்காக வரும் பெண்ணின் மகப்பேறின்மைக்குக் காரணங்காணவன்று. ஐரோப்பிய மருத்துவச் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதனையே கூறுகின்றது. முப்பது வயதுப் பெண்ணொருத்தி குறைந்த எண்ணுடன் நல்ல சூலைக் கொண்டிருத்தலும், நாற்பத்திரண்டு வயதினள் உயர்ந்த எண்ணுடன் பெரும்பாலும் பிழையான சூல்களைக் கொண்டிருத்தலும் இயல்பே. முளையங்களிற் செய்த பரிசோதனைகளின்படி, 35 வயதளவில் மூன்றிலொரு பங்கு முளையங்களிலும் 42 வயதளவில் நான்கில் மூன்று பங்கிலும் நிறமூர்த்தப் பிழை காணப்படுகின்றது.

சூலின் தரத்தை உயர்த்துவதாக விற்கப்படும் பொருள்கள் பல. இணைநொதி கியூ 10 முதிய எலிகளின் சூலிற் பயன் தந்தது. பெண்களில் உறுதியான சான்று இன்னும் இல்லை. புகைத்தல் சூலகத்தைப் பாதிப்பதற்கும் மாதவிடாய் நிற்றலை முற்படுத்துவதற்கும் சான்று உண்டு. ஆயின் புகையாதிருத்தலைக் குப்பியில் அடைத்து விற்க முடியாதல்லவா? முளையங்களின் நிறமூர்த்தங்களைச் சோதித்து நல்லனவற்றைத் தெரிவுசெய்யும் முறையும் பெரும் பொருட்செலவுடன் வழங்கப்படுகின்றது. சீனாவில் 1212 பெண்களிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வில், சோதித்த குழுவில் நூற்றுக்கு 77.2 பேரும் சோதியாத குழுவில் 81.8 பேரும் குழந்தை பெற்றனர். அப்பெண்கள் 37 வயதுக்குட்பட்டோர் என்பதையும் கூறுதல் வேண்டும். எனினும் சோதனை சூலைத் திருத்துவதில்லை, பிரித்தெடுக்க மட்டுமே செய்கின்றது என்ற எளிய உண்மை விலைப்பட்டியல்களிற் காணப்படுவதில்லை.

சூலையே திருத்தும் முயற்சியும் நிகழாமலில்லை. 1997 முதல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், இளம் பெண்ணின் சூலிலிருந்து சிறிது குழியவுருவை எடுத்து மகப்பேறற்றவளின் சூலிற் செலுத்திக் குழந்தைகள் பிறந்தன. 2001இல் அரசு தலையிட்டதும் அது நின்றது. பிரித்தானியா 2015இற் சட்டமியற்றி, கொடிய இழைமணி நோய்களைத் தவிர்ப்பதற்கு மட்டும் கலக்கரு மாற்றத்தை அனுமதித்தது. ஆனால் உக்ரெயின் தலைநகர் கீவ்வில் 2017 ஜனவரியிற் பிறந்த குழந்தை அத்தகைய நோய்க்காகப் பெறப்பட்டதன்று. காரணமறியா மகப்பேறின்மையுடன் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த தம்பதியருக்கு, இன்னொரு பெண்ணின் சூற் குழியவுருவில் தம்முடைய கருப்பொருளை வைத்துப் பெற்ற குழந்தை அது. கிரேக்கத்தில் 2019இலும் இதனையொத்த முறையாற் குழந்தை பிறந்தது. அங்கு பிறந்த ஆறு குழந்தைகளுள் ஒன்றில் தாயின் இழைமணி டீ.என்.ஏ. நூற்றுக்கு 30 முதல் 60 வரை மீளப் பெருகியிருந்தமை 2023இல் அறிவிக்கப்பட்டது. நோயற்ற தாயாகையால் அக்குழந்தைக்கு அது தீங்கன்று. நோயைத் தவிர்க்கவென இம்முறையை நாடுவோர்க்கு அஃது எச்சரிக்கை.

ஈற்றில் ஒரு சொல் பற்றி. தமிழில் 'மலடி' என்ற சொல் வழக்கில் உள்ள அளவுக்கு 'மலடன்' இல்லை. மகப்பேறின்மைக்குக் காரணமானோருள் ஆண்கள் ஏறத்தாழச் சரிபாதியினர் எனினும் வசை ஒருபக்கமாகவே வீழ்கின்றது. 'தரங்குறைந்த சூல்' என்ற தொடர் அப்பழைய சொல்லுக்கு விஞ்ஞான ஆடை அணிவிக்குமோ என்ற அச்சம் எமக்குண்டு. 'தரம்' என்பதே சந்தைச் சொல். தேயிலைக்கும் துணிக்கும் உரியது. நிறமூர்த்தப் பிரிவில் நேர்ந்த பிழை எனவோ, கதிர் அமையாமை எனவோ நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறலாம். அது நீளமாயினும் எவரையும் சுடாது.

ஷங்காய் ஆய்வில் இதற்குத் தொடர்பான செய்தியொன்றை மேலே கூறாது விட்டோம். 'ரி.யு.பி.பி. 8' விகாரம் அப்பெண்களுக்கு வந்தது எவ்வாறு? சிலரில் அது புதிதாகத் தோன்றியது. ஏனையோரில் அது தந்தையிடமிருந்து வந்தது. அப்பரம்பரையலகு சூலிலேயே தொழிற்படுவதால், அதனைத் தாங்கிய ஆணுக்கு எக்குறையும் இல்லை. அவன் பிள்ளைகளைப் பெற்றான். தன் புதல்வியர் சிலருக்கு அதனைக் கொடுத்தான். தன் புதல்வர் சிலருக்கும் கொடுத்தான். அவர்களும் தம் புதல்வியர்க்குக் கொடுக்கக் கூடும். பெண்ணின் சூலில் மட்டுமே வெளிப்படும் அப்பழுது தலைமுறை தலைமுறையாக வந்த வழி ஆண் வழியாகும்.